வெள்ளைச் சொக்ஸ்

கல்முனை – பொத்துவில் பாதையில்
பத்தொன்பது வருசம் டிக்கெட் கிழித்தவன் நான்.
காரைதீவுச் சந்திக்கு எவ்வளவு,
கோமாரிக்கு அரை டிக்கெட் எவ்வளவு,
நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.
தாண்டியடிக்கு அங்கால் பாதையோரம்
மணலா கல்லா என்று கேட்டால்
தெரியாது.
பாதை கீழே ஓடியது.
நான் மிதிபலகையில் நின்றேன்.

கதிர்காமத்தில் கொடி ஏற
இன்னும் முப்பத்திரண்டு நாள்.
லீவுக் கடிதத்தில் காரணம் என்ற கோட்டில்
நேர்த்தி என்று எழுதினேன்.
என்ன நேர்த்தி என்று டிப்போவில் கேட்டார்கள்.
ஒன்றும் வைக்கவில்லை.
அந்தக் கோட்டில் வேறு என்னத்தை எழுத?

கிளினிக்கில் மிஸ்ஸி
என்னைக் கண்ணை மூடச் சொன்னா.
ஒரு நைலோன் இழையால்
உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டா.
“இப்ப தெரியுதா?”
“ஓம்.”
“இப்ப?”
“ஓம்.”
கள்ளமாய்க் கண் திறந்து பார்த்தேன்.
இழை மேசையில் கிடந்தது.
மிஸ்ஸி கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தா.

ஏழு வருசச் சீனி வருத்தம்.
கால் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டதாம்.
வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று
சிவப்புப் பேனையால் எழுதி
அடியில் ரெண்டு கோடு.

அதனால் சப்பாத்து,
அக்கரைப்பற்றில் வாங்கியது, ஓர் அளவு பெரிது.
சொக்ஸ் ஆறு சோடி, எல்லாம் வெள்ளை.
வெள்ளையில்தான் இரத்தம் தெரியும்.

“முருகனிட்டச் சப்பாத்தோடயா?” என்றார்
பக்கத்து வளவுச் சாமித்தம்பி.
வேலிக்கு இந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த
தவமலர் நிமிராமல் சொன்னாள்:
“அவர் மயிலில போறவர்.
நடக்கிறவன்ட பாடு அவருக்கென்ன தெரியும்.”

விடியப்புறம் நாலரைக்கு இறங்கி
காரைதீவிலிருந்து ஒலுவில்மட்டும் நடந்து பழகுகிறேன்.
முதுகுப் பையில் குளிசை, குளுக்கோஸ் பிஸ்கற்,
தைலம், கற்பூரம்,
காட்டுக்குள் தேவைப்படும் அளவுக்கு
தண்ணீருக்குப் பதிலாக இப்போதைக்கு மூன்று கிலோ அரிசி.

நிந்தவூர் தாண்டும்போது முதல் பஸ் பின்னால் வரும்.
உதுமாலெவ்வை வேகத்தைக் குறைத்து
பஸ்ஸை என்னோடு நடத்துவான்.
“ஏறு மச்சான், ஆரு உன்னட்டக் காசு கேட்ட?”
புதுக் கண்டக்டர் பெடியன்
ஒரு மணி அடிப்பான், நிற்கச் சொல்லி.
நான் ரெண்டு விரல் காட்டுவேன்.
ரெண்டு மணி என்றால் போ.
ஜன்னல்களில் நித்திரைத் தலைகள் ஆடிப் போகும்.
அந்தத் தலைகளைத் தட்டி எழுப்பித்தான்
நான் சோறு தின்றேன்.

இரவில் தவமலர்
பொட்டு வைக்கிற கண்ணாடியை
என் காலுக்குக் கீழே பிடிக்கிறாள்.
மற்றக் கையில் டோர்ச்.
நேற்று சப்பாத்தைத் தட்டினபோது
ஒரு ஆணி விழுந்தது.
அடிப்பலகைக்கு அடிக்கிற சின்ன ஆணி.
இடது சொக்ஸில் ஒரு ரூபாக் குத்தி அளவுக்குச் சிவப்பு.

“எங்க வைச்சு ஏறின?”
தெரியாது.
“நோகல்லியா?”
நான் ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன்.
அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆணியை நெருப்புப் பெட்டிக்குள் போட்டாள்.
காயம் கழுவினாள், மருந்து கட்டினாள்,
பத்து நாளைக்கு நடை இல்லை என்றாள்.
மறுகா வெகுநேரம் பேசவில்லை.
டோர்ச்சை அணைத்துப்போட்டு இருட்டுக்குள் இருந்து,
“அப்ப நானும் வாறன்” என்றாள்.
“எனக்குச் சப்பாத்து வேணாம்.
ஆருக்காவது நோகணுமே.”

காயம் ஆறின பிறகு முதல் விடியல்.
காரைதீவைத் தாண்டி
வெளிச்சம் இல்லாத இடம்.
பக்கத்தில் வந்தவள்
“ஸ்...” என்று ஒரு காலைத் தூக்கினாள்.

நான் நின்று
என் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தேன்.